டிரம்முக்குள் இருந்த காற்று

நாமக்கல் கடைகளில் பத்து ரூபாய்க் காசை நீட்டினால், "இது இங்க போகாதுங்க" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். வங்கியில் வாங்குகிறார்கள். பெங்களூரிலும் கேரளத்திலும் நன்றாகவே புழங்குகிறது. இங்கே மட்டும் என்றோ கிளம்பிய ஒரு புரளி இன்னும் அடங்கவில்லை. அதனால் முட்டை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகும் லாரி டிரைவர்கள் ஊர் திரும்பும்போது, செலவழிக்க முடியாத காசு சட்டைப் பையில் கனத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் முதலாளி ஜெகதீஸ்வரன் அதற்கு ஒரு வழி செய்தார். பரமத்தி ரோட்டில் உள்ள அவருடைய முட்டை குடோனில் ஓர் எவர்சில்வர் அரிசி டிரம்மை வைத்தார். இருபது லிட்டர் டிரம். மூடியில் காசு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு வெட்டி, பூட்டும் போட்டார். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு என்று சொல்லிவிட்டதால் டிரைவர்கள் மறுக்காமல் போட்டார்கள். அவரும் தன்னிடம் சேர்வதைப் போட்டார். மூன்றரை ஆண்டு கழித்து ஒரு திங்கட்கிழமை, பிளவுக்குள் காசு இறங்க மறுத்தது. டிரம் நிறைந்துவிட்டது.

எத்தனை காசு இருக்கும் என்று அன்றைக்கே அவர் கணக்குப் போட்டிருக்கிறார். அவர் வீட்டில் அதே அளவில் இன்னொரு டிரம் உண்டு. அதன் அடியில் பத்து ரூபாய்க் காசுகளை நெருக்கமாக அடுக்கினார். எழுபத்தெட்டு பிடித்தது. பிறகு காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஸ்கேலால் அளந்தார். டிரம்மின் உயரத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு அடுக்கு வந்தது. பெருக்கினால் பதினைந்தாயிரத்து முந்நூற்று அறுபத்தாறு காசு. பணமாகச் சொன்னால் ஒரு லட்சத்து ஐம்பத்து மூவாயிரத்து அறுநூற்று அறுபது ரூபாய். உடனே கோயில் கமிட்டிக்குப் போன் போட்டு, "ஒன்றரை லட்சத்துக்குக் குறையாதுங்க" என்று சொல்லிவிட்டார்.

முட்டை வியாபாரிக்கு இப்படித்தான் கணக்கு வரும். ஓர் அட்டைக்கு முப்பது முட்டை, பெட்டிக்கு ஏழு அட்டை, ஆக இருநூற்றுப் பத்து. முட்டை ஒவ்வொன்றும் அதனதன் குழியில் உட்கார்ந்திருக்கும். ஒரு வரிசையை எண்ணினால் லாரி முழுவதையும் சொல்லிவிடலாம். முப்பது ஆண்டுகளாக அந்தக் கணக்கு அவரைக் கைவிட்டதில்லை.

செவ்வாயும் புதனும் அவருடைய மச்சான் மாதேஸ்வரன் உட்கார்ந்து காசை எண்ணினார். குடோனில் பணம் வாங்கி வைப்பவர் அவர்தான். பழைய பில் தாளில் ஐம்பது ஐம்பதாகச் சுற்றி உருளைகளாகக் கட்டினார். இருநூற்றுப் பத்தொன்பது உருளை கட்டியதுபோகக் கையில் முப்பத்து நாலு காசு நின்றது. ஆக மொத்தம் பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு. முதலாளி சொன்னதைவிட நாற்பத்து மூவாயிரத்து எண்ணூற்று இருபது ரூபாய் குறைவு.

அவர் மறுபடி எண்ணினார். அதே எண் வந்தது. உருளைகளை டிரம்முக்குள் நிற்க வைத்து வரிசையாக அடுக்கினார். விளிம்புவரை முட்டிக்கொண்டிருந்த டிரம்மில் இப்போது மேலே கால் பங்குக்கு மேல் காலியாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது ஒரே ஒரு செய்தியைத்தான் சொன்னது.

குடோன் சாவிக் கொத்து அங்கே வேலை செய்யும் அமுதவல்லியக்காவிடம் இருந்தது. டிரம்மின் சாவியும் அதில்தான் தொங்கியது.

இதில் எதையும் நான் பார்க்கவில்லை. அதே வளாகத்தில் இருக்கும் முதலாளியின் தீவன மில்லில் நான் வேலை செய்கிறேன். மக்காச்சோளம், தவிடு, சோயாப் பிண்ணாக்கு என்று லாரியில் வரும் சரக்கைச் சோதித்துப் பார்த்து, இறக்கலாமா வேண்டாமா என்று சொல்வது என் வேலை. அந்த வாரம் சோளம் பார்க்கத் தம்மம்பட்டிப் பக்கம் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குத் திரும்பி வந்தபோது, முட்டை தரம் பிரிக்கும் மேசைக்கு முன்னால் இருக்க வேண்டிய அமுதவல்லியக்கா, கேட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். பதினோரு ஆண்டாக அந்த மேசையை விட்டு அவர் இந்த நேரத்தில் எழுந்து நான் பார்த்ததில்லை.

"என்னக்கா, ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்குது. பதினொரு மணிக்குக் கோயிலுக்குப் போகோணும். கற்பூரம் அணைக்கறதுக்கு."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எரிகிற கற்பூரத்தைச் சாமி முன்னால் கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்வது எங்கள் பக்கம் சாதாரண விஷயம் இல்லை. எல்லோர் முன்னாலும் முதலாளி கேட்டதையும், சத்தியம் செய்யச் சொன்னதையும் அவர் சொன்னார்.

"போன மாசந்தான் பையனுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் நாப்பதாயிரம் கட்டினேன். சீட்டு எடுத்துக் கட்டினது. ரசீதைப் பத்திரமா இருக்கட்டும்னு இங்க டிராயர்ல வெச்சிருந்தேன். மாதேசு அதைப் பாத்துப்போட்டாரு. குறையறது நாப்பத்தி மூணு, கட்டினது நாப்பது. கணக்கு பொருந்திப் போச்சாட்டம் இருக்குது."

"சீட்டுக்காரங்களைக் கேட்டாத் தெரிஞ்சிருமே."

"கேட்டாங்க. எடுத்தது நெசம்னாங்க. ஆனா ஒருக்கா வாயில விழுந்துட்டா விழுந்ததுதான். கற்பூரம் அணைக்கறதுக்கு எனக்குப் பயமில்ல சித்ரா. எடுக்காதவளுக்கு என்ன பயம்? அணைச்ச பொறவு மறுக்கா இந்த குடோனுக்குள்ள எப்படி வாரது? சத்தியம் பண்ணினவன்னுதான் பேரு நிக்கும். இன்னிக்கோட நின்னுக்கறேன்னு சொல்லப்போறேன்."

அவர் குரல் கொஞ்சமும் உடையவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "டிரம்முல காசை யாராச்சும் அடுக்கிப் போட்டாங்களா அக்கா, இல்ல மேலேயிருந்து போட்டதா?"

"ஓட்டைக்குள்ள போட்டதுதான். போயி அடுக்கறதுக்கு யாரு கை உள்ள நுழையும்?"

நான் தீவன மில்லுக்கு ஓடி என் லிட்டர் படியை எடுத்து வந்தேன். அது ஒரு சாதாரண அலுமினியப் படி. அதில் சோளத்தைக் கொட்டி, தலையைத் தட்டி நிறுத்துப் பார்ப்பேன். எழுநூற்று இருபது கிராம் இருந்தால் நல்ல சோளம். குறைந்தால் நொறுங்கல், சொத்தை. அதே படியில் தவிடு நானூறு கிராம்கூட நிற்காது. பாத்திரம் நிறைந்துவிட்டது என்பதும், பாத்திரம் முழுக்கச் சரக்கு இருக்கிறது என்பதும் வேறு வேறு. எப்போதும் இடையில் காற்று இருக்கும். எவ்வளவு காற்று என்பதைத்தான் நான் தினமும் அளக்கிறேன்.

குடோனுக்குள் மேசைக்குப் பின்னால் முதலாளி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாதேஸ்வரன். சுமை ஏற்றும் ஆண்டியண்ணன் வெற்றிலை மென்றுகொண்டு கதவருகே நின்றார். டிரம் நடுவில் இருந்தது.

"அண்ணா, ஒரு பத்து உருளை குடுங்க. பிரிச்சுப்போட்டுத் திருப்பித் தந்தர்றேன்," என்று முதலாளியிடம் கேட்டேன்.

"பிரிக்கறதா?" என்றார் மாதேஸ்வரன். "ரெண்டு நாளாக் கட்டினதும்மா. விரல் எல்லாம் கறுப்பாப் போச்சு. ஒம்பதரைக்கு பேங்குக்கு எடுத்துட்டுப் போகோணும்."

"நீங்க எண்ணினதுல ஒரு காசு கூடத் தப்பில்லீங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

அந்தச் சொல் அவருக்குப் பிடித்துவிட்டது. பத்து உருளைகளைத் தானே பிரித்தார். அவர் எண்ண எண்ண, நான் காசைப் பிடி பிடியாக அள்ளிப் படிக்குள் போட்டேன். அடுக்கவில்லை, சும்மா விழவிட்டேன். கடைசி உருளையைக் கொட்டியதும் படி தலைதட்டிவிட்டது. இன்னும் ஒன்பது பத்துக் காசுகளைக் குடைந்து நுழைத்துப் பார்த்தேன். ஐந்நூற்றுப் பத்துக்கு மேல் நிற்கவில்லை.

"இது நிறைஞ்சிருச்சுங்களா?"

"நிறைஞ்சிருச்சு," என்றார் முதலாளி.

மேசை மேல் இருந்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து படிக்குள் ஊற்றினேன். அவர் தடுக்கக் கையை நீட்டினார். மேசையில் இருக்கும் பில்கள் நனைந்துவிடும் என்று நினைத்திருப்பார். ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. பாட்டில் முழுவதும் உள்ளே போனது. ஆண்டியண்ணன் தன் பாட்டிலையும் கொடுத்தார். அதிலும் நாலு மடக்குப் போன பிறகுதான் தண்ணீர் விளிம்பில் எட்டிப் பார்த்தது.

"அரை லிட்டருக்கு மேல தண்ணி எங்க போச்சு?" என்றார் ஆண்டியண்ணன்.

"காத்து இருந்த எடத்துக்குப் போச்சுங்கண்ணா. அடுக்கி வெச்சா காசு மேல காசு ஒட்டிப் படுத்துக்கும். மேலேயிருந்து போட்டா ஒண்ணு சாஞ்சு நிக்கும், ஒண்ணு செங்குத்தா நிக்கும், ஒண்ணு மேல ஒண்ணு கூரை போட்டாப்பல நிக்கும். கூரைக்குக் கீழ எல்லாம் காத்து. முட்டைக்குக் குழி இருக்குது. காசுக்குக் குழி இல்ல. அதனாலதான் அண்ணன் போட்ட கணக்கு முட்டைக்குச் சரியா வருது, காசுக்கு வரல."

முதலாளி படியைத் தன் பக்கம் இழுத்து உள்ளே பார்த்தார். மாதேஸ்வரன் ஏற்கெனவே கால்குலேட்டரை எடுத்துவிட்டார்.

"லிட்டருக்கு ஐநூத்திப் பத்து. இருபது லிட்டருக்குப் பத்தாயிரத்து இருநூறு. நான் எண்ணினது பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தி நாலு. அப்ப எழுநூத்தி எண்பத்தி நாலு காசு கூடுதலா இருக்குது. அதை யாரு கொண்டாந்து போட்டது? சாமியா?"

ஆண்டியண்ணன் என் பக்கம் திரும்பினார். நியாயமான கேள்விதான். சின்னப் படியில் சுவரை ஒட்டி வீணாகும் இடம் அதிகம். காசு சுவரில் முட்டி நிமிர்ந்துகொள்ளும். பெரிய டிரம்மில் அந்த நஷ்டம் குறைவு. அதோடு மூன்றரை ஆண்டாக லாரிகள் பக்கத்தில் வந்து நின்று உறுமி, தரை அதிர்ந்து, காசு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்திருக்கும். இதையெல்லாம் சொன்னேன். மாதேஸ்வரன் கேட்டுக்கொண்டார். ஆனால் முகம் இளகவில்லை.

"படி கணக்கு வேற, டிரம் கணக்கு வேற. நான் என்ற கண்ணால பாத்தேன். நிறைஞ்சிருந்த டிரம்மு, அதே காசைத் திருப்பி வெச்சா நிறையல."

"அதே காசுதானுங்க. அதே மாதிரி வைக்கல. பிரிச்சுக் கொட்டிப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

"இருநூத்திப் பத்தொம்போது உருளையையுமா?"

முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது அடிக்கப் போகிறது. பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். அமுதவல்லியக்கா எப்போது வந்தாரோ, நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"பிரி மாப்ள," என்றார். "பேங்கு சாயங்காலம் வரைக்கும் இருக்கும். ஒருத்தியக் கோயில்ல நிக்க வெச்சுட்டு, பொறவு தப்புன்னு தெரிஞ்சா நான் எங்க போயி நிக்கறது?"

உருளைகளை வெளியே எடுத்து வைத்து, படியில் இருந்த பத்து உருளைக் காசைத் தண்ணீர் வடித்து முதலில் போட்டோம். பொதி கட்டும் பெண்களில் நாலு பேரை ஆண்டியண்ணன் கூட்டி வந்தார். தரையில் வட்டமாக உட்கார்ந்து தாளைக் கிழித்துக் கிழித்துக் காசை டிரம்முக்குள் கொட்டினோம். ஆலங்கட்டி மழை தகரக் கூரையில் விழுவது போன்ற சத்தம். அமுதவல்லியக்காவை நான் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. "நான் தொட்டா அதுக்கும் ஒரு பேச்சு வரும்," என்றார்.

ஐம்பது உருளை முடிந்ததும் மாதேஸ்வரன் ஸ்கேலை உள்ளே விட்டு அளந்தார். எட்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். டிரம்மின் உயரம் முப்பத்தைந்து. இருநூறு உருளைக்கு முப்பத்து மூன்று வரும். மிச்சம் பத்தொன்பது உருளைக்கு மூன்று வேண்டும். ஒன்று கூடினாலும் விளிம்புவரை வர வேண்டும். ஆனால் வர வேண்டும் என்பதும் வந்துவிட்டது என்பதும் ஒன்றில்லை. ஒரு வேளை நான் நினைத்ததைவிடக் காசு நெருங்கி உட்கார்ந்துவிட்டால்? முப்பது சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் என் படியும் தண்ணீரும் வெறும் வித்தை ஆகிவிடும். அக்காவின் நிலைமை முன்பைவிட மோசமாகிவிடும். வாயைத் திறந்தவள் நான்தான்.

நூறு உருளையில் பதினாறரை. நூற்று ஐம்பதில் இருபத்து நாலேமுக்கால். மாதேஸ்வரன் இப்போது ஒவ்வோர் உருளைக்கும் குனிந்து பார்த்தார். அவர்தான் எங்களில் வேகமாகத் தாளைக் கிழித்தவர். தான் எண்ணியது எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவரையும் பிடித்துக்கொண்டது.

இருநூறு முடிந்தபோது மேலே இரண்டு விரல் இடம்தான் இருந்தது. பக்கத்தில் பத்தொன்பது உருளை பிரிக்காமல் கிடந்தது.

"இது பிடிக்காது," என்றார் முதலாளி மெதுவாக. பிடிக்காது என்று சொல்லும்போது அவர் குரலில் இருந்தது ஏமாற்றம் இல்லை.

கொட்டினோம். பன்னிரண்டு உருளைக்குப் பிறகு காசு விளிம்பைத் தொட்டது. பதின்மூன்றாவதைக் கொட்டியபோது இரண்டு மூன்று காசு வழிந்து தரையில் உருண்டது. இன்னும் ஆறு உருளையும் முப்பத்து நாலு காசும் வெளியே இருந்தன. டிரம் நிறைந்து, அதற்கு மேலும் மிச்சம்.

"இப்ப குறையுதுங்களா, கூடுதுங்களா?" என்றார் ஆண்டியண்ணன். பிறகு அவரே டிரம்மை இரு கையாலும் கட்டிப் பிடித்து, முட்டியால் முட்டி முட்டி ஆட்டினார். எண்பத்தைந்து கிலோ. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. காசு சலசலவென்று இறங்கியது. இறங்கிய இடத்தில் ஓர் உருளையைக் கொட்டினோம். மறுபடி ஆட்டினார். மறுபடி கொட்டினோம். ஆறாவது உருளையும் உதிரிக் காசும் உள்ளே போனபோது, டிரம் தலைதட்டி நின்றது. மூடியை வைத்துப் பார்த்தார் மாதேஸ்வரன். பொருந்தியது. தன் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்க் காசை எடுத்துப் பிளவில் வைத்து அழுத்தினார். இறங்கவில்லை.

"அன்னிக்கும் இப்படித்தான் நின்னுச்சு," என்றார். "அப்ப குறையவே இல்ல."

"எங்கீங்க குறைஞ்சுது. மொதல்ல இருந்தே அவ்வளவுதானுங்க இருந்துச்சு," என்றேன். என் கை இரண்டும் கறுத்திருந்தன. தாவணியில் துடைத்துக்கொண்டேன்.

முதலாளி எழுந்து நின்றார். பெரிய உடம்பு, மெதுவாகத்தான் எழுவார். வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்களையும் ஆண்டியண்ணனையும் ஒருமுறை பார்த்தார்.

"அமுதா, தப்பு என்னோடது. முட்டையாட்டம் நெனச்சுக் கணக்குப் போட்டுட்டேன். மாப்ள எண்ணினது சரி. நீ சாவி வெச்சிருந்ததும் சரி. கோயிலுக்கு நீ வர வேண்டாம், நான் போயி கமிட்டிக்கிட்டச் சொல்லிக்கறேன். சொன்ன ஒன்றரை லட்சத்துக்குக் குறையறதை என்ற கையில இருந்து போட்டர்றேன்."

"காத்துக்குக் காசு கட்டற மொதல் ஆளு நீங்கதானுங்க," என்றார் ஆண்டியண்ணன். முதலாளியே சிரித்துவிட்டார். அந்த அறையில் மூன்று நாளாக யாரும் சிரிக்கவில்லை என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது.

மாதேஸ்வரன் சிரிக்கவில்லை. தரையில் உருண்ட காசைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டு, "அந்த ரசீதை நான் எடுத்துப் பாத்திருக்கக் கூடாதுங்கக்கா," என்றார். முன்பெல்லாம் அமுதவல்லியை அவர் அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அமுதவல்லியக்கா நிலையை விட்டு உள்ளே வந்தார். "அன்னிக்கு எல்லாரு முன்னாலயும் கேட்டீங்க. இன்னிக்கு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டீங்க. எனக்கு அது போதுங்கண்ணா," என்றார். பிறகு, "இன்னிக்கு மட்டும் லீவு குடுங்க. ரெண்டு ராத்திரியாக் கண்ணு மூடல. ஊட்டுக்குப் போயித் தூங்கிப்போட்டு நாளைக்கு எப்பவும்போல வாரேன்."

"போயிட்டு வா சாமி," என்றார் முதலாளி.

வள்ளிபுரத்தில் அவர் வீடு. நானே ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேன். கிளம்பும்போது உள்ளே மாதேஸ்வரன் பெண்களிடம் பில் தாள் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும் அல்லவா?

மெயின் ரோடு ஏறியதும், காசு ஏன் கூரை போட்டாற்போல் நிற்கிறது என்று இன்னும் விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரே அளவு காசுக்குப் பதில் சின்னதும் பெரிதுமாகக் கலந்திருந்தால் காற்று குறைந்திருக்கும், ஜல்லிக்கு நடுவே மணல் போய் உட்காருவது போல, என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். முதலில் "ம்" வந்தது. பிறகு வரவில்லை. முதுகில் அவருடைய நெற்றி மெதுவாக வந்து பதிந்தது. அக்கா தூங்கிவிட்டார்.

இடது கையைப் பின்னால் கொண்டுபோய் அவர் கையைப் பிடித்து என் இடுப்பைச் சுற்றி வைத்துக்கொண்டேன். பின்னால் வந்த ஒரு முட்டை லாரி ஹாரன் அடித்தது. நான் ஓரமாக ஒதுங்கி, வண்டியை இருபதுக்கு மேல் போகவிடாமல் ஓட்டினேன்.